முழுகுவதற்கு ஐயாயிரம் ரூபாய்

மகனே ஏகாம்பரம்,

நீயும் உன் அம்மாவும் இந்த நேரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அடியில் எங்கேயோ இருக்கிறீர்கள். நான் கரைமேல் வேனை நிறுத்தி, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்து இதை எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. பேனாவைப் பிடித்தால் எழுத்து மட்டும்தான் நடுங்குகிறது. படிக்கிறவன் ஏதோ பள்ளமும் மேடுமான ரோட்டில் ஓடும் வண்டியில் எழுதியது என்று நினைத்துக்கொள்வான், மரியாதை கெடாது. எட்டாவதோடு நின்றுபோன உன் அப்பன் எழுதுகிற முதல் பெரிய கடிதம் இது. இதற்கு முன்னால் நான் எழுதினதெல்லாம் வேன் கண்ணாடியில் சாக்பீஸால் எழுதின ஊர்ப் பேர்கள்தான். மூன்று பேரும் நல்லபடியாக வீடு திரும்பினால், நீ பம்பாய் போகும்போது இதை உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைப்பேன். ரயிலில் படித்துக்கொள். அப்படித் திரும்பாவிட்டால் என்ன என்பதை எழுத என்னால் முடியாது.

இன்றைக்குக் கடைசிப் பாடம் முடிந்து மாஸ்டர் சரி என்று சொல்லிவிட்டால் உனக்கு முழுகுகிறவன் என்ற அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் பம்பாய்க் கம்பெனி, கடலுக்குள் குழாய் பதிக்கிற வேலைக்கு உன்னை உதவியாளாக எடுத்துக்கொள்ளும். மாசக் கடைசிக்குள் அட்டையோடு வரவேண்டும் என்று அவர்கள் எழுதியிருப்பதை எனக்கு எத்தனையோ தடவை படித்துக் காட்டிவிட்டாய். இதெல்லாம் தெரிந்துதான் காலையில் அந்த வார்த்தையைச் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே, பெரிய மனுஷன்போல, "கட்டின காசு வீணாப் போவக் கூடாது. இன்னா ஆனாலும் சரி, முழுசா முடிச்சிட்டுதான் ரெண்டு பேரும் மேல வரணும்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். உன் அம்மாவும் ஆட்டினாள். உங்களை ஏற்றிக்கொண்டு படகு கரையை விட்டு நகர்ந்தபிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஏகா. எழுந்து நின்று கத்திப் பார்த்தேன். காற்று என் முகத்துக்கு நேராக அடிக்கிறது, நான் கத்தினது என் வாய்க்குள்ளேயே திரும்பி வந்தது. ஹாரனை அமுக்கினேன். படகிலிருந்து யாரோ கையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வழியனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

டியூப் கம்பெனிக்காரன் உன்னையும் சேர்த்துக் காண்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தின நாளிலிருந்து நீ சிரித்து நான் பார்க்கவில்லை. துபாய்க்குப் போகலாம் என்று ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாய். அந்தப் பக்கம் சண்டை மூண்டு, போனவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அப்புறம்தான் ஒரு சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாக ஆரம்பித்தாய்.

"நைனா, ஆறு பேர் சேர்ந்தா ஆளுக்கு அஞ்சாயிரம்."

"இன்னாத்துக்கு?"

"தண்ணிக்குள்ள மூச்சு வுட்டுகினு முழுகறதுக்குக் கத்துத் தராங்க. மணிமங்கலத்துல நேவில இருந்தவரு ஒருத்தரு கீறாரு."

"முழுகறதுக்கு அஞ்சாயிரமா? நம்ம குளத்துல கால் வழுக்குனா ஓசிலயே முழுகலாமேடா."

உன் அம்மா குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "முழுகறதுக்கு இல்லயா. திரும்பி மேல வர்றதுக்குதான் அந்தக் காசு" என்றாள். நீ அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கே ஐயாயிரம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கையில் இல்லாதவனுக்கு இப்படியெல்லாம் தாராளமாகத் தோன்றும்.

மறுநாள் முதல் டிரிப்பை முடித்துவிட்டு நேராக மணிமங்கலத்துக்குப் போனேன். உன்னிடம் விசாரிக்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் பேரம் பேசத்தான் போனேன். மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்து மனுஷர். நேவியில் முழுகி முழுகியே ரிட்டையர் ஆகி, பெண்சாதியின் ஊரில் நிலம் வாங்கி, ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம் போன்ற கிணறு வெட்டி வைத்திருக்கிறவர். அந்தக் கிணற்றின் கரையில் நின்று அவரிடம் அரை டிக்கெட் கேட்டேன். "பையன் ஒல்லியா இருப்பான் சார். காத்தும் கம்மியாதான் புடிக்கும். பாதி வெச்சிக்கோங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, கம்ப்ரஸரும் சிலிண்டரும் மெட்ராஸ் ஹார்பர்லேருந்து வாடகைக்கு வருது. லாரிக்காரன் தனியாக் கேக்கான். அட்டை குடுக்கிற வெளிநாட்டுக்காரனுக்குப் பணம் கட்டணும். ஒரு ஆளு வந்தாலும் எனக்கு முப்பதாயிரம், ஆறு ஆளு வந்தாலும் முப்பதாயிரம். ஆறு பேரு இருந்தா கிளாஸ் உண்டு, இல்லன்னா கெடையாது. இன்னொண்ணும் சொல்லுதேன். ஜோடி ஜோடியாத்தான் எறக்குவேன். ஒத்த ஆள எறக்கவே மாட்டேன்."

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இதைத்தானே நான் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் நின்று காலம்பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் ஏறினாலும் ஒரகடம் போக அதே டீசல்தான், வண்டி ரொம்பினாலும் அதே டீசல்தான். சீட் ரொம்பாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று எத்தனை கர்ப்பிணிகளை, எத்தனை பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை வெயிலில் காக்க வைத்திருப்பேன். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பாசஞ்சர் பக்கத்தில் நின்றேன். பேரம் அதோடு முடிந்தது. டியூப் கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை நீ அப்படியே அவரிடம் கட்டினாய்.

அப்புறம் டில்லிபாபு கழன்றுகொண்டான். ஆறு பேரில் அவன்தான் உன் ஜோடி. அவனுக்குப் பெண் பேசியிருந்த இடத்தில், தண்ணீருக்கு அடியில் வேலை பார்க்கிறவனை எப்படி நம்புவது, தரைமேல் வேலை பார்க்கிறவனே ஒழுங்காக வீடு வந்து சேர்வதில்லை என்றார்களாம். ஐந்து பேர் ஆனதும் மாஸ்டர் கிளாஸை நிறுத்திவிடுவேன் என்றார். நீ அன்றைக்கு முழுக்கக் கயிற்றுக்கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாய். அப்போதுதான் என் ஸ்டாண்டு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

ஸ்டாண்டில் எங்களுக்குள் ஒரு வழக்கம். காலி வேனில் எவரும் ஏற மாட்டார்கள். இது எப்போது கிளம்பப் போகிறதோ என்று அடுத்த வேனைப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் ஆட்களிலேயே நாலு பேரை முதலில் ஏற்றி உட்கார வைப்போம். மடியில் ஒரு பை, கையில் வாட்ச், முகத்தில் அவசரம். நிஜப் பாசஞ்சர் வர வர, "ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஒருத்தர் ஒருத்தராக இறங்கிக்கொள்வார்கள். அந்த மாதிரி உன் வகுப்பிலும் ஆறாவது சீட்டில் நானே ஏறி உட்கார்ந்துகொள்வது, நிஜமான ஆள் கிடைத்ததும் அவனிடம் காசை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது என்று கணக்குப் போட்டேன். வேனின் ஆர்.சி. புக்கைச் சேட்டிடம் வைத்து ஐயாயிரம் வாங்கிக் கட்டினேன். உன்னிடம் சொன்னபோது நீயும் நல்ல யோசனை என்றாய். என் பிள்ளை என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி கேட்டுகளில் போய் நின்றேன். வாய்க்குப் பழக்கமானதுதான் வந்தது. "ஒரே சீட்! ஒரு சீட்தான் பாக்கி! ஏறினா கெளம்பிடும்!"

"எங்கண்ணே போவுது?"

"தண்ணிக்குள்ள."

"அங்கதான் நாங்க டெய்லி சாயங்காலம் போய்கினு கீறோமே. எவ்ளோ?"

"அஞ்சாயிரம்."

"அவ்ளோ கீதுன்னா நான் ஏண்ணே நைட் ஷிப்டுக்கு வரேன்?"

பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்ற கையோடு புல்லட் வாங்கின ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் பணம் இருந்தது. "தண்ணிக்கடியில எடம் எதுனா மலிவா வருதா? வந்தா சொல்லு, வாங்கிப் போடறேன். சும்மா போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு நான் இன்னா மீனா?" என்றார். ஒருத்தரும் ஏறவில்லை. வகுப்பு ஆரம்பிக்கிற நாள் வந்துவிட்டது. டீ குடிக்க இறங்க வேண்டியவன் டீக்குப் பதில் கிணற்றில் இறங்கினேன்.

அந்தக் கறுப்பு ரப்பர் சட்டையை எனக்கு மாட்ட மூன்று பேர் இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வயிற்றை உள்ளே தள்ளினால் கழுத்துப் பக்கம் வந்தது. நீச்சல் தெரியும் என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, இடுப்பளவுத் தண்ணீரில் எனக்கு நன்றாகவே நீச்சல் தெரியும். முதல் ரெண்டு பாடம் கிணற்றுப் படியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஒப்பேற்றிவிட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய், மற்ற நாலு பிள்ளைகளும் என்னை "சித்தப்பா டைவர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. மூன்றாவது பாடத்தில்தான் அடியில் உட்கார்ந்து, மூஞ்சியை மூடின கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்ட வேண்டும் என்றார் மாஸ்டர்.

கழற்றினேன். கண்ணுக்குள் தண்ணீர், மூக்குக்குள் தண்ணீர். காற்று வருகிற ரப்பர் என் வாயில்தான் இருந்தது. அதில் காற்றும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவில்லை. என் வாயில் ஒன்று இருக்கும்போதே, கையை நீட்டி உன் வாயில் இருந்ததைப் பிடுங்கினேன். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து. நீ தண்ணீரைக் குடித்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாய். படியில் உட்கார்ந்து நீ இருமின இருமலில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

மாஸ்டர் என்னிடம் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நீங்க இனிமே எறங்கப்பிடாது. அடுத்த மட்டம் ரெண்டு பேருமே மேல வர மாட்டிய" என்றார். "பையன்?" என்றேன். "ஜோடி இல்லாம அவனையும் எறக்க முடியாது" என்றார். அதற்கு அடுத்து நான் கேட்டது என்ன என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் இருந்தாய். "அப்ப கட்டின காசு?" என்று கேட்டேன். உன் ரத்தத்தை இன்னும் துடைக்கக்கூட இல்லை. கட்டினதையெல்லாம் வாடகைக்கும் அட்டைக்கும் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வராது என்றார் அவர். நீ என் வேனில் ஏறாமல் யாருடைய சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நான் உன்னைக் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

திரும்பவும் ஆள் தேடினேன். முதலில் பாதிக் காசு என்றேன், பிறகு காசே வேண்டாம் என்றேன், கடைசியில் நானே கையில் கொடுக்கிறேன் என்றேன். பம்புசெட் மெக்கானிக் ஒருவன், "காசு குடுத்து ஏத்திக்கிறியேண்ணே, அப்ப வண்டில எதோ கோளாறு கீது" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதும் சரிதான். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சீட் இன்னும் காலியாதான் கீதா?"

"கீது."

"நான் போறேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தப்பு என்று பானையை இறக்கி வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"இன்னாத்துக்குயா இளிக்கிற? ஏரிக்கரைல பொறந்தவ நான். எருமை முதுகுல கைய வெச்சிகினு மதகுலருந்து அந்தாண்டக் கரை வரைக்கும் நீஞ்சினவ. ரோட்டுல போறவன் வர்றவன் அத்தினி பேரையும் கேட்ட. டீ ஆத்தறவன கேட்ட. வூட்டுல ஒருத்தி கீறாளே, அவள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீ பொம்பள, கன்னிம்மா. சிலிண்டர்லாம் முதுகுல கட்டிகினு..."

"ஏன், அந்த சிலிண்டர்ல ஆம்பளக் காத்து மட்டுந்தான் அடைச்சிகிறானா?"

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டுக்கு இந்தக் கரைமேல்தான் வண்டி ஓட்டிப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த ஏரியைப் பார்த்து "எவ்ளோ தண்ணி" என்பேன். அவளும் "ஆமா" என்பாள். அதோடு சரி. இந்தத் தண்ணீரில் அவளுக்கு ஒரு சின்ன வயசு இருந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நீ நாளைக்குப் பம்பாயில் ஒரு ரூமுக்கோ, ஒரு வேலைக்கோ, ஒரு கஷ்டத்துக்கோ கூட்டு ஆள் தேடுவாய். முதலில் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவரைக் கேள். கல்யாணம் ஆனபிறகும் இதை மறக்காதே. தெருவெல்லாம் கூவிவிட்டுக் கடைசியில் வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருக்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

மாஸ்டர் முதலில் யோசித்தார். பிறகு, காசு கட்டின சீட்டில் யார் உட்கார்ந்தால் என்ன, விட்டுப்போன பாடத்தையெல்லாம் தனியாக நடத்திவிடுகிறேன் என்றார். என் கறுப்புச் சட்டை அவளுக்குத் தொளதொள என்று இருந்தது. அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். "உன் பொண்டாட்டி மீன் புடிக்கப் போறாளாமே, எங்களுக்கும் ஒரு கிலோ" என்று ஸ்டாண்டில் என்னைக் கேட்டார்கள். அவள் நேராகக் கிணற்றில் இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். அந்த ரப்பர் மட்டும் சைக்கிள் டியூப்போல நாறுகிறது என்று துப்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் நீ என்னிடம், "நைனா, யம்மா சூப்பர்" என்றாய். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த நைனா! நான் ஏதோ வேலை இருப்பதுபோல வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதிலேயே ஒரு வினை இருந்தது. நம்மூர் நீச்சலில் முதலில் மூச்சை அடக்கத்தான் கற்றுக்கொள்கிறோம். இங்கே மூச்சை அடக்கவே கூடாதாம். மாஸ்டர் அவளிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "யம்மா, கீழ இழுத்த காத்து மேல வர வர உப்பும். நீங்க வாய மூடிக்கிட்டு மேல வந்திய, நுரையீரல் பலூன் மாதிரி கிழிஞ்சிரும். ஊதிக்கிட்டே வரணும், ஊ-ன்னு." அன்றையிலிருந்து வாசல் பெருக்கும்போதும் ஊ, அடுப்பு மூட்டும்போதும் ஊ. எதிர்வீட்டுக்காரி பல்வலியா என்று கேட்டு கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். கிணற்றில் எல்லாத் தடவையும் ஊதிக்கொண்டேதான் மேலே வந்தாள். ஒரே ஒரு தடவை பழைய பழக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டாள். மாஸ்டர் தோளைப் பிடித்து நிறுத்தி ஊத வைத்துக் கூட்டி வந்தார். அந்த ஒரு தடவைதான் இப்போது என் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது. கடைசிப் பாடத்தைக் கோவளம் கடலில்தான் நடத்துவதாக இருந்தார் மாஸ்டர். அங்கே படகுக்கும் வண்டிக்கும் ஆளுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும் என்றதும், இந்த ஏரியிலேயே முடித்துவிடலாமே என்று கெஞ்சினோம். அவரும் எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கினார். கெஞ்சினதில் முதல் குரல் யாருடையது? கடலில் கொஞ்சமாவது கண் தெரியுமாம். இங்கே அடியில் கையை நீட்டினால் விரல் தெரியாது என்று முதல் ஜோடி கரைக்கு வந்து சொன்னபோது, வேன் டயரில் காற்று பார்க்கிறமாதிரி காலால் உதைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டேன். மாஸ்டர் உங்களோடு இறங்கியிருக்கிறார், உங்களுக்குள் ஒரு கயிறு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அவளுக்குப் பயம் வந்து மேலே போகலாம் என்று சைகை காட்டினால் இருட்டில் நீ பார்ப்பாயா? பார்த்தாலும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் கையை அழுத்துவாய். நான்தானே சொல்லி அனுப்பினேன். அவளும் உன்னைவிட மோசம். சேட்டிடம் இருக்கிற ஆர்.சி. புக்கை நினைத்துக்கொண்டு, நெஞ்சு அடைத்தாலும் அசைய மாட்டாள்.

ஏகா, இப்போது உனக்குக் கேட்காது. பம்பாய் ரயிலிலாவது கேட்கட்டும். பயமாக இருந்தால் மேலே வா. காது வலித்தால் மேலே வா. காரணமே இல்லாமல் பிடிக்கவில்லை என்றாலும் மேலே வா. அங்கே ஒரு சூப்பர்வைசர் இருப்பான், ஓ.டி. காசு உண்டு, இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே இரு என்பான். அவன் கையில் வாட்ச்தான் இருக்கும். சிலிண்டர் உன் முதுகில் இருக்கும். அந்த நேரத்தில் அவன் பேச்சையும் கேட்காதே, இன்றைக்குக் காலையில் இட்லி தின்றுகொண்டே பேசின ஒரு முட்டாள் பேச்சையும் கேட்காதே. சேட்டு வேனை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நான் இன்னொருத்தன் வேனை ஓட்டுவேன். அந்த வேனிலும் பாசஞ்சருக்குக் கால் வைக்க இடம் இருக்காது, வேறு ஒன்றும் மாறாது. காசைக் கட்டியாகிவிட்டது என்பதற்காக ஒரு இடத்தில் இருக்காதே. நான் இத்தனை வயசில் இருந்த தப்பான இடமெல்லாம், காசு கட்டியாகிவிட்டதே என்று இருந்த இடம்தான்.

நீங்கள்தான் கடைசி ஜோடி. முன்னால் போன ரெண்டு ஜோடிக்கும் ஆன நேரம் உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. ஆனால் படகில் கூடப் போன பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கமாகக் குனிகிறார்கள். எதையோ பிடித்து இழுக்கிறார்கள். படகு சாய்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு வேன் கூரைமேல் ஏறிப் பார்த்தேன். எதற்கு இவ்வளவு சீக்கிரம்? கூரைமேலேயே நின்று எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன், பேர் மறந்துபோன ரெண்டு மூன்று சாமிகளைக்கூட "ஏம்ப்பா" என்று பொதுவாகக் கூப்பிட்டேன். இறங்கி வந்து மறுபடியும் பேனாவைப் பிடித்திருக்கிறேன். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

படகு திரும்பிவிட்டது. இந்தப் பக்கம் வருகிறது. எல்லோரும் கறுப்பாக, கம்பியில் காக்கை உட்கார்ந்ததுபோல இருக்கிறார்கள், யார் யார் என்று தெரியவில்லை. எண்ணினேன். படகு ஆடுவதில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. படுத்த மாதிரி யாரும் இல்லை. படுத்திருந்தால் இங்கிருந்து தெரியுமா?

நடுவில் ஒருத்தர் மட்டும் எழுந்து நின்று, கையை நீட்டி நீட்டி, எதிரில் உட்கார்ந்திருப்பவனைத் திட்டுகிறார். காற்றில் சத்தம் மட்டும் வருகிறது, வார்த்தை வரவில்லை. வார்த்தை எனக்கு வேண்டாம். அந்தக் கையை எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மூஞ்சியைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைக்கிறான். அந்தக் கழுத்தையும் எனக்குத் தெரியும். அது என் கழுத்து.

எதற்காகத் திட்டுகிறாள் என்று தெரியவில்லை, மகனே. அவசரப்பட்டுப் பாதியிலேயே மேலே கூட்டி வந்து கட்டின காசைத் தண்ணீரில் விட்டுவிட்டாய் என்று திட்டுகிறாள் என்றால், நான் உன் பக்கம். போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தும் நீ கேட்காமல் கீழேயே நின்றாய் என்று திட்டுகிறாள் என்றால், நான் அவள் பக்கம். கரைக்கு வந்து சேருங்கள். யாரோடு சேர்ந்து யாரைத் திட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.